சோழம் எளிது, வேணாடு கடினம்

இடைக்கால ராஜ்யம் ஒன்றை ஆட்டக்காரனிடம் ஒப்படைத்து, அதை வளர்க்கவும் அழியவிடவும் அவனுக்கே பூரண அதிகாரம் கொடுக்கும் கணினி விளையாட்டுகளில், ராஜ்யங்களின் வரிசை திரையில் தோன்றிய மாத்திரத்தில் புதியவன் கேட்கும் முதல் கேள்வி, இவற்றுள் எது எளிது, எது கடினம் என்பதே. விளையாட்டை இயற்றியவர்களும் இக்கேள்வியை எதிர்பார்த்தே இருக்கிறார்கள். 2021-இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4’, ஆங்கிலேயர் எளிது, மங்கோலியர் கடினம் என்று தேர்வுத் திரையிலேயே தரம் குறித்து வைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘குரூசேடர் கிங்ஸ் 3’ தான் சிபாரிசு செய்யும் அரசர்களின் பெயரருகே கடினத்தின் அளவையும் எழுதிக் காட்டுகிறது. இவற்றை அடியொற்றி ஆட்டக்காரர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட பட்டியல்களுக்கும் பஞ்சமில்லை. இந்தப் பட்டியல்கள் அனைத்தும், உயரமும் எடையும் ஒருவனுடைய உடலில் இருப்பதைப் போல, கடினம் என்பது அந்தந்த ராஜ்யத்திலேயே இருக்கும் ஒரு குணம் என்று பாவிக்கின்றன. என் அபிப்பிராயம் வேறு. ஒரு ராஜ்யம் உண்மையில் எப்படி உயிர் வாழ்ந்ததோ அதற்கும், விளையாட்டின் விதிகள் எதை வாழ்வென்று எண்ணுகின்றனவோ அதற்கும் நடுவே உள்ள தூரந்தான் பெரும்பாலும் கடினம் என்ற பெயரால் நமக்குக் காட்டப்படுகிறது. இதைப் பரீட்சித்துப் பார்க்க வேணாட்டை விடச் சிறந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறவர்கள், சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கும் இடத்தில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் வித்துராவைக் கடக்கிறார்கள். கிழக்கே அகஸ்திய மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. இரண்டு பருவமழையும் தவறாமல் பெய்வதால் காடு அடர்ந்தும் ஓடைகள் நிறைந்தும் இருக்கும் இப்பிரதேசத்தில் காணிக்காரர்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகிறார்கள். குதிரைப்படை ஒன்று இந்தச் சரிவில் இறங்கி வருவதை மனத்தால் கற்பனை செய்யவும் இயலாது. பாண்டிய நாட்டிலிருந்து இப்பக்கம் வர விரும்பிய எந்தச் சேனையும் தெற்கே ஆரல்வாய்மொழியையோ, வடக்கே ஆரியங்காவையோ நாடியே ஆக வேண்டும். ஆய் மன்னர்கள் விழிஞத்தைக் கொண்டும், வேணாட்டடிகள் கொல்லத்தைக் கொண்டும் ஆண்ட நிலம் இந்த மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய துண்டு. வரைபடத்தில் சோழமண்டலத்தின் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கிறவன், கடினம் என்று எழுதிவிட்டுப் போவதில் ஆச்சரியமில்லை.

சமமில்லாத இரு பக்கங்களை மோதவிடும் விளையாட்டு நமக்குப் புதிதன்று. கோயில் மண்டபத்துக் கல்தளங்களில் இன்றும் கோடு கோடாகக் காணப்படும் ஆடுபுலி ஆட்டத்தில், 23 புள்ளிகளின் மேல் 3 புலியும் 15 ஆடும் எதிர்நிற்கின்றன. புலி தாவி ஆட்டை வெட்டலாம். ஆடு எதையும் வெட்ட முடியாது. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை அவற்றுள் ஒன்றையும் நகர்த்தக் கூடாது. ஆனால் புலியோ முதல் வாய்ப்பிலிருந்தே உலாவித் திரியும். ஆட்டின் பக்கம் அமர்ந்தவன் ஒரு காயை வைக்கும்போது, அதன் முதுகுப்புறத்துப் புள்ளி காலியாக இருக்கிறதா என்று பார்க்கத் தவறினால் அக்கணமே அது போயிற்று. புலியின் பக்கம் அமர்ந்தவன் பத்து முறை அசட்டையாக நகர்த்தினாலும் உடனே கேடு ஒன்றும் வராது. எனவே பழகாத கைக்குப் புலி எளிது, ஆடு கடினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆட்டின் பக்கம் பலவீனமானது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பெரும் பிசகாகும். நேபாளத்தில் 4 புலியும் 20 ஆடுமாக ஆடப்படும் பாக்சால் என்னும் சகோதர விளையாட்டை முழுமையாகக் கணித்துப் பார்த்த லிம் யூ ஜின் என்ற கணினி ஆராய்ச்சியாளர், இருபுறமும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றியே ஆட்டம் முடியும் என்று நிரூபித்திருக்கிறார். ஆக, ஒரு பக்கத்தின் பலம் வேறு. அதைக் கையாளுகிறவன் சுமக்கும் பாரம் வேறு. முன்னது விதிகளின் கணக்கில் அடங்கும். பின்னது ஆட்டக்காரனின் பயிற்சியைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

ஆடுபுலியில் நான் மிகவும் மதிக்கும் அம்சம் இன்னொன்று உண்டு. புலிக்கு வெற்றி என்பது வெட்டுவது; ஆட்டுக்கு வெற்றி என்பது புலியை நகரவிடாமல் கட்டுவது. இரு பக்கத்துக்கும் இருவேறு சுபாவம் இருப்பதை உணர்ந்த நம் முன்னோர், இரண்டுக்கும் ஒரே இலக்கை வைத்து ஆட்டை அவமதிக்கவில்லை. இக்காலக் கணினி விளையாட்டுகள் படைகளையும் பொருளாதாரத்தையும் நாட்டுக்கு நாடு வேறுபடுத்திக் காட்டுவதில் அபாரமான நுட்பம் காட்டியும், எதை வெற்றியென்று எண்ணுவது என்பதில் மட்டும் எல்லா நாட்டையும் புலியாகவே பாவிக்கின்றன.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டில் 2022 ஏப்ரல் மாதம் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்னும் விரிவாக்கம், அதுவரை இந்தியர் என்ற ஒரே பெயரில் கிடந்த பக்கத்தைப் பிரித்து, ஹிந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காக்கியது. ராஜேந்திர சோழனின் சரித்திரமும் அதில் ஆட்டத் தொடராக அமைந்தது. திராவிடர்க்கு அளித்த வரங்களைப் பார்த்தால் இயற்றியவர்கள் சிரத்தையோடு படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு முன்னேறும்தோறும் 200 மரம் வெகுமதியாகக் கிடைக்கும். மீனவர் அதிகமாக மீன் சுமப்பர். காலாட்படைக் கொட்டிலில் செய்யும் அபிவிருத்திகளுக்குப் பாதி விலைதான். மலையாளக் களரியின் உறுமி சுழற்றும் வீரனும், சோழர் கடற்படைக்குரியதென்று சொல்லப்படும் திரிசடைக் கப்பலும், கவசத்தைப் பொருட்படுத்தாத தென்னாட்டு எஃகும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்: கனத்த குதிரைப்படை.

இந்த ஒரு குறை எவ்வளவு தூரம் வேரோடுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். திறந்த நிலப்பரப்பில் கோட்டை யுகம் பிறந்ததும், எதிராளி கவசமணிந்த குதிரை வீரர் சிலரை அனுப்பி, விறகு வெட்டும் குடிகளை ஒரு புறத்திலும், பொன் தோண்டும் குடிகளை மறுபுறத்திலும் தாக்குகிறான். திராவிடர் பக்கம் இருப்பவன் ஈட்டி வீரர்களை மலிவாகவே தயாரித்துவிடலாம். ஈட்டிக்கு எதிரே குதிரை நில்லாது என்பதும் உண்மையே. ஆனால் ஈட்டிக்காரன் தான் நிற்கும் இடத்தைத்தான் காக்கிறான். குதிரையோ அவன் நிற்காத இடத்தைத் தேடிப் போகிறது. ஆகவே எங்கே அடி விழும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, மதில் எழுப்பி, வழிகளை அடைத்து வைக்கும் முன்யோசனை அவனுக்கு இன்றியமையாதது. வல்லவன் கையில் இது சாமானிய வேலை. புதியவன் கையில் ராஜ்யமே பறிபோகும். அதே திராவிடரைத் தீவுகள் நிறைந்த கடல் வரைபடத்தில் இட்டால் நிலை தலைகீழாகிறது: கப்பலுக்கு வேண்டிய மரம் முன்னதாகவே கையில் இருப்பதால் அவர்கள் முதல் வரிசையில் நிற்கிறார்கள். வரைபடத்தைச் சொல்லாமலும், ஆடுகிறவனின் தரத்தைச் சொல்லாமலும் ஒரு பக்கத்தை எளிது அல்லது கடினம் என்பது அரைவாக்கியமே. ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்கென்று வகுத்த தரமதிப்பீட்டு முறை இந்த விளையாட்டிலும் பயன்படுவதால், ஒத்த தரத்தாரின் ஆட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரைபடவாரியாக வெற்றி விகிதத்தை ஒப்பிடுவது சாத்தியமாகிறது. பட்டியல் வெளியிடுகிறவர்கள் குறைந்தபட்சம் அந்த அளவு கவனமாவது காட்ட வேண்டும்.

குதிரை இல்லாமை சரித்திரப்படி சரிதானே என்று ஒருவர் கேட்கலாம். பாதி சரி. தமிழ்நாட்டுச் சூழலில் நல்ல குதிரைகள் பிறக்கவில்லை. ஆனால் பாண்டியரிடம் குதிரைகள் இருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அரபு நாட்டிலிருந்து வந்திறங்கிய குதிரைகளையும், பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையால் அவை மடிந்துபோனதையும் எழுதி வைத்தார். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாபின் கணக்குப்படி, ஒரு குதிரைக்கு 220 பொன் தினாராக விலை பேசப்பட்டு, வழியில் இறந்ததற்குங்கூட அரச பொக்கிஷத்திலிருந்தே பணம் கொடுக்கப்பட்டது. ஆக, சரித்திரத்தில் இது பெருஞ்செலவு, விளையாட்டிலோ பிறவிக்குறை. மரத்தையும் தானியத்தையும் கல்லையும் பொன்னுக்கு வாங்கவும் விற்கவும் சந்தை இருக்கும் விளையாட்டில், பொன்னைக் கொட்டியும் குதிரையை வாங்க வழியில்லை. தென்னாட்டரசர் கடல் வாணிகத்தால் நிரப்பிக்கொண்ட பள்ளத்தை விதி நிரப்பவிடாததால் உண்டாகும் கஷ்டத்தைத் தென்னாட்டின் கஷ்டம் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆரம்ப ஆண்டைத் தேர்ந்தெடுப்பதும் இவ்வாறே கடினத்தை நிர்ணயிக்கிறது. ‘குரூசேடர் கிங்ஸ் 3’ முதலில் 867, 1066 என்ற இரண்டு ஆண்டுகளில் தொடங்க இடங்கொடுத்தது. 2024-இல் 1178-ஐயும் சேர்த்துக்கொண்டது. முதலாண்டு இங்கிலாந்தில் வைக்கிங் படையெடுப்பையும், இரண்டாவது நார்மானியர் அந்நாட்டைப் பிடித்ததையும், மூன்றாவது கான்ஸ்டான்டிநோபிள் பேரரசின் தளர்ச்சியையும் உத்தேசித்தவை. தமிழகத்துக்கு இந்த ஆண்டுகளில் என்ன நேர்ந்துகொண்டிருந்தது என்பதை யாரும் கலந்தாலோசித்து அவற்றைத் தெரிந்தெடுக்கவில்லை. ஆயினும் தற்செயலாக மூன்றும் நமக்கு அர்த்தம் நிறைந்தவையாகவே அமைந்துவிட்டன. 867-இல் சோழர் தஞ்சையைக் கைப்பற்றி அதிக காலம் ஆகவில்லை. பல்லவனும் பாண்டியனும் மோதிக்கொண்டிருக்க, நடுவே ஒதுங்கி நின்ற சிறு குடியினர் அவர்கள். திருப்புறம்பியப் போரில் பாண்டியன் முறிந்து, ஆதித்த சோழனுக்குக் கதவு திறந்தது அதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். 1066-இலோ வீரராஜேந்திரன் சிம்மாசனத்தில் இருக்கிறான். கங்கையும் கடாரமும் கண்ட குலம், துங்கபத்திரைக் கரையில் சாளுக்கியனோடு போராடிக்கொண்டிருக்கிறது. 1178-இல் மூன்றாம் குலோத்துங்கன் பட்டமேறுகிறான். மதுரைக்காகப் பாண்டியரே இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் இலங்கைப் படையையும் மறுபக்கம் சோழப் படையையும் துணைக்கழைத்த காலம் அது. ஒரே சோழ குலம் ஓர் ஆண்டில் கடினம், ஓர் ஆண்டில் எளிது, மற்றோர் ஆண்டில் எளிது போலத் தோற்றமளிக்கும் கடினம். இவற்றில் எந்த ஆண்டை மனத்தில் வைத்து நாம் சோழர் எளிது என்கிறோம்?

867 என்ற ஆண்டு வேறொரு காரணத்தாலும் என் மனத்தைக் கவருகிறது. அதற்கு முந்திய 866-இல்தான், ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலையும் நிறுவிச் செப்பேடு எழுதினான். கலியுகத்தில் கழிந்த நாட்களை 14,49,087 என்று எண்ணிக் குறித்திருப்பதால் அந்தத் தேதியில் நமக்குச் சந்தேகம் எழ இடமில்லை. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு இதை அமைத்தான் என்றும் அச்செப்பேடு கூறுகிறது. பக்கத்து அரசனோடு போர் புரியாமல், சபையாரோடு நிலம் மாற்றிக்கொண்டு, படிக்கிறவர்களுக்குச் சோறும் இடமும் தந்து, தன் அதிகாரத்தை வேரூன்றச் செய்த அரசன் இவன். ஆட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் இவனுக்கு ஓர் அங்குல நிலமும் கூடவில்லை.

அந்தக் காந்தளூர்ச் சாலையே, திருவனந்தபுரத்து வலியசாலையென்று பலராலும் அடையாளம் காட்டப்படுவது, முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் அவனுடைய முதல் வெற்றியாக இடம்பெற்றது. எளிதான ராஜ்யம் கடினமான ராஜ்யத்தை வென்றது என்று இதற்கு முடிவுரை எழுதிவிடலாமா? ராஜாதிராஜனும் அதே காந்தளூர் வெற்றியைச் சொல்லிக்கொள்கிறான். முதலாம் குலோத்துங்கனும் இத்திசையில் படை நடத்தி, கோட்டாற்றில் நிலைப்படை வைக்க நேர்ந்தது. ஒரே இடத்தை மூன்று தலைமுறைக்கு மேலாக மீண்டும் மீண்டும் வெல்ல வேண்டியிருந்ததென்றால், வென்றவன் அதைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்றே பொருள்படும். மலைவாயிலுக்கு அப்பால் சேனையை வைத்துப் போஷிப்பது சோழனுக்குப் பெருஞ்செலவாயிருந்தது. சேனை திரும்பிய அடுத்த மழைக்காலத்தில் வேணாடு மீண்டும் வேணாடாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகோதயபுரத்துப் பெருமாள்களின் ஆட்சி மறைந்த பிறகும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோழரே மறைந்த பிறகும், கொல்லத்தில் அரசன் இருந்தான்.

இடைக்காலத்தின் கடைசிப் படியில், 1444 நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கும் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ வேணாட்டை அதன் பெயராலேயே ஆடத் தருகிறது. அந்தத் தேதி கருங்கடற்கரையில் நடந்த வார்னா யுத்தத்துக்கு மறுநாள். நமக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. வேணாட்டின் வடக்கே கொச்சியும் கோழிக்கோடும், கிழக்கே விஜயநகரமென்னும் மலையும் நிற்கின்றன. இயற்றியவர்கள் நில அமைப்பை அலட்சியம் செய்யவில்லை: மலைநாட்டில் தாக்குகிறவனுடைய பகடையிலிருந்து 2-ம், காட்டில் 1-ம் கழியும். ஆனால் ஒரே மாகாணத்தில் எதிரி ஐம்பதாயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தும்போது பகடையில் இரண்டு புள்ளி என்ன செய்யும்? கணினியின் போக்கிலேயே விடப்பட்ட ஆட்டங்களில் வேணாடு பெரிய அண்டைநாட்டால் விழுங்கப்படுவது சகஜம். ஆகவே கடினம் என்ற முத்திரை விழுகிறது.

இதைவிட ஆழமான காரணம் வாணிக விதியில் ஒளிந்திருக்கிறது. இவ்விளையாட்டில் உலகத்துச் செல்வம் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்களில் ஓடுகிறது. வாய்க்கால்கள் ஓடும் திசையை யாரும் மாற்ற முடியாது. அவை போய் முடியும் இடங்கள் வெனிஸ், ஜெனோவா, ஆங்கிலக் கால்வாய் ஆகிய மூன்றே. குமரி முனையில் உற்பத்தியாகும் செல்வத்தை வேணாட்டரசன் வழியில் மறித்து ஓரளவு எடுத்துக்கொள்ளலாமேயன்றி, உலகத்தின் பொன் தன் துறையில் வந்து தங்கும்படி செய்யவே முடியாது. மிளகுக்காக ரோமாபுரியின் பொன் கிழக்கே போகிறதென்று பிளினி ஆதங்கப்பட்ட காலந்தொட்டு நடந்தது இதற்கு நேர்மாறானது. கி.பி. 849-ஐ ஒட்டிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறிஸ்தவ ஆலயத்துக்கும், அஞ்சுவண்ணம் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கும் உரிமைகள் வழங்கியதைக் காண்கிறோம். சாட்சியிட்டவர்கள் அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துக்களில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். வேணாட்டின் பலம் இங்கே இருந்தது: பல திசையாரும் தன்னிடம் இருக்க விரும்பும்படி செய்து, அவர்களுடைய ஆதாயத்தில் தன் பாதுகாப்பையும் பிணைத்துவைப்பது. இந்த வித்தைக்கு ஆட்டத்தில் ஒரு பொத்தானும் இல்லை.

கப்பம் கட்டுவதையும் இந்த நோக்கில் பார்க்க வேண்டும். 1544-ஐ ஒட்டி விட்டலராயன் தலைமையில் விஜயநகரப் படை தெற்கே வந்தபோது, இந்நாட்டரசர் பணிந்து திறை செலுத்த நேர்ந்தது. திரையில் இது தோல்வி. கௌரவம் குறையும், வருமானம் குறையும். ஆனால் 1565-இல் தலைக்கோட்டையில் விழுந்தது விஜயநகரம். திறை கொடுத்தவன் இருந்தான்.

புலியாக மாறிப் பார்க்கும் ஆசை வேணாட்டுக்கும் ஒருமுறை வந்தது. பாண்டிய சகோதரர் சிம்மாசனத்துக்காகச் சண்டையிட, 1311-இல் மாலிக் காபூரின் படை வந்து மதுரையைச் சூறையாடித் திரும்பிய சூனியத்தில், வேணாட்டு ரவிவர்ம குலசேகரன் மலைவாயிலைத் தாண்டினான். மதுரையில் முடிசூடி, வீரபாண்டியனை முறியடித்து, 1312-13 அளவில் காஞ்சிபுரத்தில் வேகவதிக் கரையில் மீண்டும் முடிசூடிக்கொண்டான்; அங்குள்ள அருளாளப் பெருமாள் கோயிலிலும் திருவரங்கத்திலும் அவனுடைய கல்வெட்டுகள் இருக்கின்றன. நாடகமும் இயற்றிய வித்துவான் அவன். ஆட்டக்காரன் ஒருவன் வேணாட்டைக் கொண்டு இதைச் சாதித்தால், கடினமான பக்கத்தை வைத்து வென்றவன் என்று எல்லோரும் கொண்டாடுவார்கள். சரித்திரத்தில் நடந்தது வேறு: 1316-இல் காகதீயரின் சேனாதிபதி முப்பிடி நாயகன் காஞ்சிக்கு வந்துவிட்டான், சில ஆண்டுகளுக்குள் வேணாடு மீண்டும் மலைக்கு மேற்கே ஒடுங்கிற்று. விளையாட்டு சிகரமென்று காட்டும் இந்தப் பத்தாண்டை, வேணாடு ஆடிய ஆட்டங்களிலேயே மிக அபாயகரமான ஆட்டமாக நான் கருதுகிறேன். அது அழியாமல் தப்பியதற்கு, திரும்பி வர ஒரு மலை பின்னால் இருந்ததே காரணம்.

ஆகவே பக்கங்களின் கடினத்தை ஒப்பிட விரும்புகிறவர், வரைபடத்தையும் ஆண்டையும் ஆட்டக்காரனின் தரத்தையும் நிலையாக வைத்துக்கொண்ட பிறகும், அளவுகோலை இரண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. எவ்வளவு நிலம் சேர்ந்தது என்று ஒருமுறையும், எத்தனை ஆண்டுகள் தன் ஆட்சியும் தன் சபையும் தன் துறைமுகமும் தன்னிடமே இருந்தன என்று ஒருமுறையும் எண்ணட்டும். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ 1821-ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் முடிகிறது. அந்த ஆண்டில் விஜயநகரம் இல்லை, பாமினி இல்லை, மதுரை நாயக்கர் இல்லை. பழைய வேணாட்டின் வாரிசான திருவிதாங்கூரோ, ராணி கௌரி பார்வதி பாயின் பரிபாலனத்தில், 1795-இலும் 1805-இலும் கும்பினியோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்குக் கட்டுப்பட்டு, வருஷந்தோறும் பணம் கட்டிக்கொண்டு, திருவனந்தபுரத்தில் தன் கொலுவோடு இருக்கிறது. சுதந்திரம் குறைந்துபோயிற்றென்று சொல்கிறவரோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 1444-இல் அந்தச் சிறிய துண்டைத் தேர்ந்தெடுத்து, கடைசித் தேதிவரை அதை இவ்விதமே கொண்டுவந்து சேர்த்த ஆட்டக்காரனுக்கு, இப்போதைய மதிப்பெண் முறை தோற்றவனுக்குரிய எண்ணைத்தான் கொடுக்கும்.